ஒயிட் மவுண்டன்ஸ் ஹட்டுகள்: ஆறு மணிச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேருங்கள்

அமெரிக்காவின் அப்பலாச்சியன் ட்ரெயில் ஜார்ஜியாவில் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்னில் கட்டாடின் மலையில் முடிகிறது. ஏறத்தாழ 2,190 மைல், 14 மாநிலங்கள். இந்தப் பாதையில் பெரும்பாலான இடங்களில் இரவு தங்க என்ன கிடைக்கும் என்றால், மூன்று பக்கம் மரச்சுவரும் நாலாவது பக்கம் வெட்டவெளியுமாக ஒரு கொட்டகை. உள்ளே சுண்டெலிகள் நிரந்தரக் குடித்தனம். நியூ ஹாம்ப்ஷரின் ஒயிட் மவுண்டன்ஸ் வந்ததும் கதை மாறுகிறது. 5,000 அடி உயரத்தில் நீள மேசை போட்டு, அன்றே சுட்ட ரொட்டியும் சூடான சூப்பும் பரிமாறுகிறார்கள். அப்பலாச்சியன் மவுண்டன் க்ளப் நடத்தும் எட்டு மலைக்குடில்கள்தான் இந்த மதிப்புரையின் பொருள். எல்லோரும் அவற்றை ஹட் என்றே சொல்கிறார்கள், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

முதலில் விலையைப் பேசிவிடலாம், ஏனென்றால் எல்லோரும் முறைப்பது அங்கேதான். ஒரு பங்க் படுக்கை, இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு. இதற்கு ஓர் ஆளுக்கு ஓர் இரவு 100 டாலருக்குக் கணிசமாக மேலே போகும். கோடைச் சனிக்கிழமை இன்னும் கூடும், க்ளப் உறுப்பினருக்குத் தள்ளுபடி உண்டு. குளியலறை கிடையாது, வெந்நீர் கிடையாது, போனுக்குச் சார்ஜ் ஏற்ற ப்ளக் கிடையாது, துண்டும் சோப்பும் கிடையாது. நெடுந்தூரம் நடப்பவர்கள் க்ளப்பின் பெயரில் நடு வார்த்தையை மாற்றி ‘அப்பலாச்சியன் மணி (பணம்) க்ளப்’ என்று கிண்டல் செய்வது இதனால்தான். கேலி நன்றாகவே இருக்கிறது. ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை.

அந்தப் பணம் வாங்கித் தருவது நீங்கள் முதுகில் சுமக்காத எடை. கூடாரம், அடுப்பு, எரிவாயு டப்பா, பாத்திரம், மெத்தை, இரண்டு மூன்று நாள் சாப்பாடு என்று சேர்த்தால் பை சாதாரணமாக 30 பவுண்டைத் தாண்டும். ஹட்டில் தங்குகிறவர் 12 முதல் 15 பவுண்டில் முடித்துக்கொள்ளலாம். தட்டையான பாதையில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஒயிட் மவுண்டன்ஸ் பாதைகளில் முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் சொல்லும். இங்கே பழைய பாதைகள் வளைந்து வளைந்து ஏறுவதில்லை. வெட்டியவர்கள் அடிவாரத்திலிருந்து உச்சியைப் பார்த்து நேராக ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள். அதன்பிறகு ஒரு நூற்றாண்டு மழை மண்ணை அரித்துக்கொண்டு போக, மிச்சம் இருப்பது பாறையும் வேரும்தான்.

கார்ஃபீல்ட் மலையிலிருந்து கேல்ஹெட் ஹட் பக்கம் இறங்கும் இடத்தைப் பார்த்தால் இது புரியும். அங்கே பாதையும் ஓடையும் ஒன்றுதான். வழிகாட்டும் வெள்ளை வண்ணக் குறி பாறையில் இருக்கும், அதன்மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, கையை ஊன்றி, ஏணியில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். கைத்தடிகளை முன்பே மடித்துப் பையில் செருகிவிடுங்கள். கையில் தொங்கவிட்டால் அவை பாறை இடுக்கில் மாட்டி ஆளைச் சாய்த்துவிடும்.

முன்பதிவு செய்கிறவர்கள் சறுக்குவது மைல் கணக்கில். கிரீன்லீஃப் ஹட்டிலிருந்து கேல்ஹெட்டுக்கு 7.7 மைல் என்று பார்த்ததும், “மணிக்கு மூன்று மைல் வைத்தாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாமே” என்று தோன்றும். மத்தியானம் அவர்கள் கார்ஃபீல்ட் உச்சிக்கே வந்திருக்க மாட்டார்கள். இந்த மலைகளுக்கென்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது: ஒரு மைலுக்கு அரை மணி, அதோடு ஒவ்வொரு 1,000 அடி ஏற்றத்துக்கும் இன்னோர் அரை மணி. பயிற்சியுள்ளவருக்கு, ஓய்வு சேர்க்காமல் வரும் நேரம் இது. புதியவர்கள் வருகிற விடையை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். குழந்தைகளோடு என்றால் இரண்டால். மழை பெய்து பாறை நனைந்திருந்தால் இறக்கமும் ஏற்றத்துக்குச் சமமான நேரம் பிடிக்கும்.

இவ்வளவு கணக்கும் எதற்கென்றால், இரவுச் சாப்பாடு மாலை 6 மணி. 6 என்றால் 6. பரிமாறுவது குடும்பப் பாணியில்: பெரிய பாத்திரம் மேசையின் ஒரு முனையில் வைக்கப்பட்டு, கை மாறிக் கை மாறி மறுமுனைக்குப் போகும். ஏழரைக்கு வந்து சேர்ந்தவருக்கு ஏதாவது எடுத்து வைத்திருப்பார்கள். பசியோடு விட்டுவிடும் இடம் அல்ல. ஆனாலும் சூப் முதல் இனிப்பு வரை வரிசையாக வரும் அந்த விருந்து திரும்ப வராது. அதனால் எந்த ஹட்டுக்குப் போனாலும் மாலை 4 மணிக்குள் சேர்வதாகத் திட்டமிடுங்கள். கோடையில் இந்த முகடுகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வருகிறது. நாலு மணிக் குறி அதிலிருந்தும் காப்பாற்றும்.

சாப்பாட்டின் வரிசை ஏறக்குறைய எல்லா ஹட்டிலும் ஒன்றுதான்: சூப், ரொட்டி, சாலட், முக்கிய உணவு, காய்கறி, இனிப்பு. ரொட்டி அங்கேயே சுடப்படுகிறது, நன்றாகவும் இருக்கிறது. எட்டு மணி நேரம் நடந்த பசியில் எதுவும் ருசிக்கும் என்பார்கள். இந்த ரொட்டி நடக்காமல் போய்ச் சாப்பிட்டாலும் ருசிக்கும். காலையில் ஓட்ஸ் கஞ்சி, முட்டை, பான்கேக், பேக்கன் என்கிற மாதிரி.

பாஸ்டன், நியூ ஜெர்சி பக்கமிருந்து கோடையில் இங்கே வரும் நம்மவர்களுக்கு ஒரு விஷயம். சைவம் வேண்டுமென்றால் முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள். மலைமேல் போய்ச் சொன்னால் அவர்களிடம் இருப்பதைத்தான் தர முடியும், கீழே ஓடி வாங்கிவரக் கடை இல்லை. அமெரிக்கச் சைவத்தில் முட்டை உண்டு. பான்கேக், கேக், சிலவேளை ரொட்டி எல்லாவற்றிலும் இருக்கும். முட்டை வேண்டாதவர்கள் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். வெங்காயம் பூண்டு தவிர்ப்பவர்கள் அந்தச் சமையலறையை நம்பிப் போக வேண்டாம். பருப்புப் பொடியும், தனியாகக் கட்டிய சாதமும் பையில் இருக்கட்டும். மத்தியானச் சாப்பாடு எப்படியும் கட்டணத்தில் சேராது. முதல் நாளுக்குப் புளியோதரை நல்ல தேர்வு, கெடாது, ஆறினாலும் நன்றாக இருக்கும். தயிர்சாதம் வெயிலில் பையில் புளித்து, மூடி கசிந்து, மாற்றுத்துணியை நாசம் செய்யும். இரண்டாம் நாள் முதல் சப்பாத்தியும் வேர்க்கடலை வெண்ணெயும் போதும். போகிற வழியில் இருக்கும் ஹட்டுகளில் அங்கே தங்காதவர்களும் நின்று, குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். சூப்போ கேக் துண்டோ காசு கொடுத்து வாங்கலாம்.

ஹட்டுகளை நடத்துகிற இளைஞர்களைக் க்ரூ என்பார்கள். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். சமைப்பதும் அவர்கள், கழிப்பறை சுத்தம் செய்வதும் அவர்கள், வழி தவறியவரைத் தேடிப் போவதும் அவர்கள். பருவத் தொடக்கத்தில் எரிவாயுவும் மாவு மூட்டைகளும் ஹெலிகாப்டரில் வந்து இறங்கும். அதன்பிறகு காய்கறி, பால், முட்டை, இறைச்சி எல்லாம் மனித முதுகில்தான். வாரத்துக்கு இரண்டு முறை கீழே இறங்கி, மரச்சட்டத்தில் அட்டைப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் இறுக்கி, தலைக்கு மேல் இரண்டடி உயர்ந்து நிற்கும் சுமையோடு ஏறுகிறார்கள். 40 பவுண்ட், 60 பவுண்ட் சாதாரணம். நீங்கள் 12 பவுண்ட் பையோடு மூச்சு வாங்கி நிற்கும் வளைவில், ஒரு பெண் முட்டைப் பெட்டிகளோடு “குட் ஆஃப்டர்நூன்” சொல்லி உங்களைக் கடந்து போவாள். ஒதுங்கி நின்று வழிவிடுங்கள், அந்தச் சுமையோடு நின்று மறுபடி கிளம்புவதுதான் கடினம். கீழே இறங்கும்போது ஹட்டின் குப்பையும் அதே சட்டத்தில்தான் போகும். அதனால்தான் விருந்தினர் குப்பையை விருந்தினரே திரும்ப எடுத்துப் போக வேண்டும் என்பது விதி. ஆரஞ்சுத் தோல்கூட விலக்கில்லை.

காலை ஆறரை வாக்கில் க்ரூ பாட்டுப் பாடியோ கித்தார் வாசித்தோ எழுப்பிவிடுவார்கள். 7 மணிக்குச் சாப்பாடு. அப்போதே வாஷிங்டன் மலை வானிலை நிலையத்தின் அன்றைய அறிக்கையைச் சத்தமாகப் படிப்பார்கள். அதைச் சாப்பாட்டுச் சத்தத்தில் தவறவிடக் கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகு நடப்பதுதான் இந்த ஹட்டுகளின் தனிச் சொத்து: கம்பளியை எப்படி மடிப்பது என்று காட்டும் ஒரு குட்டி நாடகம். ஒருவர் கடற்கொள்ளையராக வருவார், இன்னொருவர் கொசுவாக வருவார், தலையில் பாத்திரம் கவிழ்த்த ஒருவர் அரசராக வருவார். கதையின் நடுவே எப்படியோ ஒரு கம்பளி வந்து சேர்ந்து, ஒழுங்காக மடிக்கப்பட்டு, படுக்கையின் கால்மாட்டில் வைக்கப்படும். குப்பையை எடுத்துப் போகச் சொல்வதும், க்ரூவுக்கு அன்பளிப்புத் தரலாம் என்று நினைவூட்டுவதும் அதே வசனத்தில் வந்துவிடும். சிறுவர்கள் தரையில் புரண்டு சிரிப்பார்கள். கொஞ்சம் ரொக்கம் கையில் வைத்திருங்கள், அவர்கள் அதற்கு முழுத் தகுதி உள்ளவர்கள்.

படுக்கையைப் பற்றி. கம்பளியும் தலையணையும் தருகிறார்கள், விரிப்பும் உறையும் உங்களுடையது. கம்பளி கனமானது, சொரசொரப்பானது, பருவம் முழுக்கப் பலர் போர்த்தியது. எனவே ஸ்லீப்பிங் பேக்கின் உள்ளே போடும் பட்டு அல்லது பருத்தி லைனர் ஒன்று கட்டாயம் வேண்டும். எடை கால் பவுண்டைச் சுற்றித்தான் வரும். ஜூலை, ஆகஸ்ட்டில் லைனரும் கம்பளிகளும் போதும். ஜூன் முதல் பாதியிலும் செப்டம்பரிலும் குளிர்கிறவர்கள் மெல்லிய ஸ்லீப்பிங் பேக் எடுத்துப் போகலாம். அதைவிட முக்கியம் காதடைப்பான். சீலாண்ட் ஃபால்ஸ் ஹட்டில் மொத்தம் 36 பேர், பெரிய அறைகள். அறையில் குறட்டை விடுபவர் ஒருவர் இருந்தால் மற்ற எல்லோருக்கும் அன்றிரவு சிவராத்திரி. ஒன்பதரைக்கு விளக்கு அணைந்துவிடும். நெற்றி விளக்கு இல்லாமல் கழிப்பறைக்குப் போக முடியாது. சிவப்பு வெளிச்சம் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் மேல் பங்க்கில் படுத்திருப்பவர் உங்களைச் சபிக்க மாட்டார். வேண்டிய சாமான்களை ஒன்பது மணிக்கு முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். நள்ளிரவில் பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தத்துக்குக் காதடைப்பான்கூட ஈடு கொடுக்காது.

எட்டில் எதை எடுப்பது? எல்லோரும் கேட்பது லேக்ஸ் ஆஃப் த க்ளவுட்ஸ். எட்டில் உயரமானதும் பெரியதும் அதுதான்: 5,000 அடிக்குச் சற்று மேலே, 90 படுக்கை, வாஷிங்டன் மலை உச்சிக்கு ஒன்றரை மைல். மரங்களே இல்லாத வெளி, பக்கத்தில் இரண்டு குட்டி ஏரிகள். அது அங்கே இருப்பதற்கு ஒரு துயரமான காரணம் உண்டு. 1900 ஜூன் 30 அன்று, உச்சியில் நடந்த க்ளப் கூட்டத்துக்குக் க்ராஃபர்ட் பாதை வழியாக நடந்து வந்த வில்லியம் கர்ட்டிஸ், ஆலன் ஆர்ம்ஸ்பீ என்ற இருவர் பனிப்புயலில் சிக்கி இறந்தார்கள். நாள்காட்டிப்படி அது கோடைக்காலம். அடுத்த ஆண்டே அங்கே ஒரு புகலிடம் எழுந்தது, 1915இல் ஹட் வந்தது. இன்றும் கட்டடத்தின் அடித்தளத்தில் அவசரத்துக்கென்று ஒரு சிறு அறை இருக்கிறது.

இடம் அற்புதமானது. இரவுத் தங்கலாக அது எட்டில் சிறந்தது என்று சொல்ல முடியாது. 90 பேர், நெருக்கமான அறைகள், நடை சத்தம், கதவுச் சத்தம். மேகம் இறங்கிவிட்டால் பெரிய சன்னல்களுக்கு வெளியே வெறும் வெள்ளை. அமைதி தேடுகிறவர்கள் மிஸ்பா ஸ்பிரிங்கில் தங்கி, மறுநாள் லேக்ஸில் சூப் குடித்துவிட்டு உச்சிக்குப் போவது நல்ல ஏற்பாடு. மிஸ்பா 3,800 அடியில் ஊசியிலை மரங்களுக்கு நடுவே இருக்கிறது, சிறிய அறைகள், காற்றடிக்காது. அங்கிருந்து லேக்ஸுக்கு 4.8 மைல், பெரும்பகுதி க்ராஃபர்ட் பாதை. 1819இல் வெட்டிய இந்தப் பாதைதான் அமெரிக்காவில் இடைவிடாமல் பராமரிக்கப்பட்டுவரும் மிகப் பழைய நடைபாதை. நல்ல நாளில் இந்த 4.8 மைலைப்போல் ஒரு நடை கிழக்கு அமெரிக்காவில் கிடைப்பது அரிது.

அந்த வழியில் ஓர் இடத்தில் பாதை வேண்டுமென்றே விலக்கிவிடப்பட்டிருக்கும், ஓரத்தில் தாழ்வான கற்சுவர். சுவருக்கு அப்பால் ராபின்ஸ் சின்க்ஃபாயில் என்ற மஞ்சள் பூச்செடி வளர்கிறது. உலகில் அது இருப்பதே இந்த மலைகளில்தான். முழுச் செடியும் ஒரு நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். நடப்பவர்களின் காலில் மிதிபட்டே அழியப் பார்த்தது. பாதையை மாற்றி, காவல் வைத்து, புதிய இடங்களில் நட்டு மீட்டார்கள். 2002இல் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. படம் எடுக்க வேண்டுமென்றாலும் பாறைமேலே கால் வையுங்கள், புல் போலத் தெரிவது எதன்மேலும் வைக்காதீர்கள்.

லேக்ஸுக்குக் குறுக்குவழி அமனூசக் ரவீன் பாதை: 3.1 மைல், 2,500 அடி ஏற்றம், கணக்குப்படி 2 மணி 50 நிமிடம். ஏறுவதற்கு அழகான வழி, அருவிகளை ஒட்டியே போகும். இறங்குவதற்கு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மேல்பகுதியில் சாய்ந்த பாறைப்பலகைகள் எப்போதும் ஈரமாக இருக்கும், பாசி கண்ணுக்குத் தெரியாது. இறங்க ஜுவல் பாதை இருக்கிறது, நீளம் கூடுதல், ஆனால் நிதானமான சரிவு. அதன் மேல்பகுதி திறந்தவெளி என்பதால், இடி முழங்கும் நாளில் ஹட்டிலேயே காத்திருப்பதுதான் சரி.

வாஷிங்டன் உச்சியில் காத்திருக்கும் காட்சிக்கு மனதைத் தயார்செய்துகொள்வது நல்லது. 6,288 அடி உயரத்துக்கு மூச்சிரைக்க ஏறி, உப்புப் பூத்த சட்டையோடு நிமிர்ந்தால், முன்னால் கார் நிறுத்துமிடம். செருப்பும் அரைக்கால் சட்டையுமாகக் குடும்பங்கள் உச்சிப் பலகையோடு படம் எடுக்க வரிசையில் நிற்கும். மலைமேல் கார்ச்சாலை 1861 முதலும், பல்சக்கர ரயில் 1869 முதலும் இருக்கின்றன. அவர்களும் வரிசையில்தான் வந்தார்கள், நீங்களும் வரிசையில் நில்லுங்கள். உணவகத்தில் சூடாக ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டு, தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்புவது புத்திசாலித்தனம். அதே உச்சியில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 231 மைல் வேகத்தில் காற்று பதிவானது. ஜூலையில்கூடச் சராசரி வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே பருத்தி பனியன், ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, ஃப்ளீஸ், தலையை மூடும் மழைக்கோட்டு, மழைக்கால்சட்டை, குல்லாய், கையுறை. ஆகஸ்ட் மாதமானாலும் இவை பையில் இருக்க வேண்டும்.

லேக்ஸிலிருந்து மேடிசன் ஸ்பிரிங் ஹட்டுக்குப் போகும் 7 மைல்தான் மொத்த வரிசையிலும் அதிகம் பேர் திட்டம் தவறிப்போகும் நாள். கணக்கு நாலரை மணி நேரத்தை ஒட்டி வரும். பழக்கம் இல்லாதவர்களுக்கு ஆறு, ஏழு மணி நேரம் ஆகிறது. காரணம் ஏற்றம் அல்ல, கல். ஜெஃபர்சன், ஆடம்ஸ் மலைகளின் பக்கவாட்டில் பாதை என்பது ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கும் கற்குவியல்தான். ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்க வேண்டும், நிமிர்ந்து காட்சி பார்க்க வேண்டுமென்றால் நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். மூடுபனியில் வழி காட்டும் அடுத்த கற்கும்பம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் முந்தையதற்குத் திரும்பி வந்து நில்லுங்கள். குத்துமதிப்பாக நடக்காதீர்கள். வானிலை முறிந்தால் கிழக்குப் பக்கம் இறங்கவே கூடாது, அங்கே செங்குத்துப் பள்ளங்கள். வாஷிங்டனை அடுத்த பகுதி என்றால் ஜுவல் வழியாக மேற்கே; எட்மண்ட்ஸ் கணவாயைத் தாண்டிவிட்டால் ராண்டால்ஃப் பாதை வழியாக வடக்கே மரநிழலுக்கு.

மேடிசன் 1888இல் தொடங்கியது, இந்த ஹட் வரிசையின் மூத்த பிள்ளை. இப்போதைய கட்டடம் 2011இல் புதுப்பிக்கப்பட்டது. அதற்கு மட்டும் போக வேண்டுமென்றால் வேலி வே பாதை: 3.8 மைல், ஏறத்தாழ 3,500 அடி, ஹட்டை நெருங்கும்வரை மரங்களுக்குள்ளேயே. முழங்கால் வலிக்கும், ஆனால் மோசமான வானிலையிலும் பாதுகாப்பான வழி.

முதல்முறை போகிறவர்களும் குழந்தைகளோடு போகிறவர்களும் லோன்சம் லேக், சீலாண்ட் ஃபால்ஸ் இரண்டில் ஒன்றை எடுக்கலாம். லோன்சம் லேக் 1.6 மைல் நடை. ஏரியில் நீந்தலாம், எதிரே ஃப்ராங்கோனியா முகடு முழுசாகத் தெரியும். சீலாண்டுக்கு 2.8 மைல். பெரும்பகுதி பழைய மர ரயில் தடம் என்பதால் சமதளம், கடைசிக் கால் மைல் மட்டும் ஏற்றம். ஹட் வாசலிலேயே அருவி. அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் மரம் வெட்டப்பட்டு, 1886இலும் 1903இலும் தீயில் கருகியது என்று இன்று பார்த்தால் நம்ப முடியாது. கேல்ஹெட்தான் சாலையிலிருந்து தொலைவில் தனித்து நிற்பது. 2000இல் திரும்பக் கட்டியபோது வாசலில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் வைத்தார்கள். மலைமேல் அது எதற்கு என்று பலர் கேட்டார்கள். அதே ஆண்டு சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் ஒரு குழு ஏறி வந்து அந்தச் சாய்தளத்தில் கால் வைத்தது. கார்ட்டர் நாட்ச் எளிமையானது; அங்கே சொந்தமாகச் சமைத்துக்கொள்வது வழக்கம், போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜியாவிலிருந்து முழுப் பாதையும் நடந்து வருகிறவர்களுக்கு வேறொரு ஏற்பாடு உண்டு. முன்பதிவு இல்லாமல், பிற்பகல் நாலு மணி சுமாருக்கு வந்து க்ரூவிடம் கேட்டால், இடமிருந்தால் வேலைக்குத் தங்கல். பாத்திரம் தேய்ப்பது, அலமாரி துடைப்பது, பெருக்குவது என்று இரண்டு மணி நேர வேலை. பதிலுக்கு விருந்தினர் சாப்பிட்டு மிஞ்சியதும், சாப்பாட்டு அறைத் தரையில் படுக்க இடமும். வழக்கமாக ஒரு ஹட்டில் இரண்டு பேர், லேக்ஸில் நான்கு. கிடைக்கும் என்று உறுதியில்லை. விளக்கு அணையும்வரை படுக்க முடியாது, காலைச் சாப்பாட்டுக்கு முன் எழுந்துவிட வேண்டும். 1,800 மைல் நடந்து வந்த பசியின் முன் நாலு தட்டு லசான்யா நிற்காது என்பதைப் பார்க்கவே விருந்தினர்கள் சமையலறை வாசலில் கூடுவதுண்டு. கிடைக்காதவர்களுக்கு மாற்று: மிஸ்பா ஹட்டை ஒட்டியே நாமன் கூடாரத் தளம், கார்ஃபீல்ட் முகட்டில் ஒன்று, கியோ மலையில் ஒன்று, மரமேடை உண்டு, கட்டணம் குறைவு. கண்ட இடத்தில் கூடாரம் போட முடியாது. மரங்கள் எட்டடிக்குக் குறைவாக உள்ள உயரத்திலும், ஹட்டைச் சுற்றிக் கால் மைலுக்குள்ளும் கோடையில் தடை.

நியூ ஹாம்ப்ஷரில் கவனக்குறைவால் மாட்டிக்கொண்டவரை மீட்டால் செலவை அவரிடமே கேட்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்குக் காப்பாக ஹைக்சேஃப் என்றோர் அட்டை உண்டு: தனிநபருக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35 டாலர், ஒரு நாள்காட்டி ஆண்டுக்கு. அது கையில் இருந்தால், வேண்டுமென்றோ பொறுப்பில்லாமலோ ஆபத்தில் இறங்காதவரை அந்தச் செலவு உங்கள் தலையில் விழாது. அட்டைப் பணம் மீட்புப் பணிக்கே போகிறது என்பதால், மலைப்பக்கம் போகாத ஆண்டிலும் வாங்கலாம்.

எட்டையும் ஒரே மூச்சில் இணைத்தால் சுமார் 56 மைல். அதில் சீலாண்ட்–மிஸ்பா ஒரு நாள் 14 மைல், நடுவே நெடுஞ்சாலைவரை இறங்கி வெப்ஸ்டர் க்ளிஃப் வழியாக மறுபடி ஏற வேண்டும். மேடிசன்–கார்ட்டர் நாட்ச் அதைவிடக் கடுமை. முதல் பயணத்துக்கு மூன்று இரவு போதும்: மிஸ்பா, லேக்ஸ், மேடிசன். தெற்கிலிருந்து வடக்கே நடங்கள், காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ பக்கவாட்டில் அடிக்கும், கடைசி நாள் வேலி வே வழியாக மரநிழலில் இறங்கிவிடலாம். தொடக்கமும் முடிவும் வேறு வேறு சாலைகளில் என்பதால் இரண்டு கார் ஏற்பாடு வேண்டும், அல்லது உள்ளூர் டாக்சியை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். ஜூன் கடைசிவரை கருப்பு ஈ கடிக்கும். ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகள் மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் இரண்டாம் வாரம்வரை, திங்கள் முதல் வியாழன்: ஈ இல்லை, கூட்டம் பாதி, விலையும் குறைவு. லேக்ஸ் செப்டம்பர் நடுவில் மூடிவிடும், அதற்குள் பதிவு செய்துவிடுங்கள்.